பாதி வழியில் வந்தவன்

கணவன் சைக்கிளைத் தள்ளும்போது பின்சக்கரம் போடும் டிக்டிக் சத்தம் அன்று கேட்கவில்லை. அவள் இருந்த அசதியில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடுதியின் சலவை அறையில் பகலெல்லாம் நின்றபடியே விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டதில் கால்கள் வீங்கிக் கனத்தன. நீராவியின் சூடு இன்னும் கண்ணுக்குள் எரிந்தது. வெளியூர்க்காரர்கள் வாடகை சைக்கிளில் வந்து, நின்று நின்று படம் எடுக்கும் அழகான ஆற்றோரப் பாதைதான் அது. அவளுக்கு வீட்டுக்குப் போகும் குறுக்குவழி, அவ்வளவே. பாதி தூரம் மிதித்து வருவாள். மேடு தொடங்கும் இடத்தில் கணவன் வந்து காத்திருப்பான். அங்கிருந்து அவன் சைக்கிளைத் தள்ள, அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். இரவுக் காவலுக்குப் போகிறவன் அவன். இருவரும் பேசிக்கொள்ள வாய்க்கும் நேரம் அது ஒன்றுதான்.

அன்றும் நின்றிருந்தான். பொழுது மங்கியிருந்தது. ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டான்.

"மேனேஜர் இன்னைக்கு உயிரை எடுத்துட்டாருங்க. ஒரு விரிப்புல கறைன்னு மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிட்டாரு."

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

நாணல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. தண்ணீர் கரையைத் தொட்டுத் தொட்டு விலகியது. நெடுநாள் மூடிக்கிடந்த சேற்றைக் கிளறியதுபோல ஒரு வாடை. ஆற்றிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்தாள். காற்று எதிர்ப்பக்கம் திரும்பியது. வாடை போகவில்லை.

பக்கத்திலிருந்து வந்தது.

செருப்புச் சத்தத்தைக் கவனித்தாள். ஒரு ஜோடிதான். அவளுடையது.

அப்போது மேட்டின் மேலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியாடி இறங்கியது.

"ஏம்மா! வந்துட்டியா? அசந்து தூங்கிட்டேன்மா, இப்பதான் முழிச்சேன்!"

கணவனின் குரல். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

அவள் நின்றாள். சைக்கிளும் நின்றது. பயத்துக்கு முன்னால் வந்தது வேறு நினைப்பு: இந்தக் கால்களை வைத்துக்கொண்டு இனி ஓடவும் வேண்டுமா.

"கிட்ட வராதீங்க," என்றாள். குரல் எழும்பவில்லை.

"என்னது? கூட யாரு அது?"

வெளிச்சம் உயர்ந்தது. பக்கத்தில் நின்றவன் மேல் விழுந்தது.

கணவனின் முகமேதான். கண்கள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் தலையணை அழுத்திய கோடுகள். மெல்லிய குறட்டை. வேலைக்குக் கிளம்பும்போது, எழுப்ப மனமில்லாமல் தினமும் அவள் பார்த்துவிட்டு வரும் முகம்.

இமைகள் துடித்தன. மெல்லத் திறந்தன.

மேட்டில் டார்ச் கைதவறி உருண்டது. அதன் வெளிச்சத்தில், கணவன் முழங்கால் மடங்கி, பாதையிலேயே ஒருக்களித்துச் சாய்ந்தான். கண்கள் மூடிக்கொண்டன.

"என்னங்க!" என்று அலறினாள்.

"சொல்லும்மா," என்றான் பக்கத்தில் நின்றவன்.