வாசனை கூடாத அறை

செவ்வாய்க்கிழமை காலை அவள் லேப் கதவைத் திறந்தபோது உள்ளே குழந்தை வாசனை அடித்தது.

அடித்தால் என்ன, குழந்தைக்காகத்தானே அந்த ஆஸ்பத்திரியே நடக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அந்த அறையில் வாசனை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊசி போட்டு எடுத்த சினைமுட்டைகளை விந்தோடு சேர்த்து, ஐந்து நாள் இன்குபேட்டரில் வளர்த்து, பக்கத்து அறையில் படுத்திருக்கும் தாயிடம் ஒப்படைக்கிற இடம் அது. ஜன்னல் கிடையாது. கூரையிலிருந்து வடிகட்டிய காற்று ராப்பகலாக உஸ்ஸென்று இறங்கிக்கொண்டே இருக்கும். மங்கலான விளக்கில் சுவரும் மேசையும் ஒரே நிறமாகத் தெரியும். பவுடர், சென்ட், கிரீம், வாசனை சோப்பு எதுவும் கூடாது, காற்றில் கலந்தால் கருவுக்கு ஆகாது. வாசலில் நின்று, வருகிறவர்களை முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்புவதும் லேப்பை நடத்துகிற அவள் வேலைதான். முதுகுக்குப் பின்னால் 'மோப்ப மேடம்' என்பார்கள். அது அவளுக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அந்தப் பெருமையெல்லாம் எங்கே போயிற்றோ, நேரே இன்குபேட்டரிடம் ஓடினாள். இன்குபேட்டரின் மூன்றாம் அறையில் இருந்த நான்கு கருக்களும் அவளுடைய தங்கையின் கருக்கள். கல்யாணமாகி ஏழு வருஷம். இது மூன்றாவது முயற்சி, கடைசியும்கூட. "இதுவும் இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று கேட்டவளிடம், "நான் இருக்கேன்ல, என் கையில ஒப்படைச்சுட்டு நிம்மதியா தூங்கு" என்று சொல்லியிருந்தாள்.

காற்றுக் குழாயை முகர்ந்தாள். கையுறைப் பெட்டியை, அலமாரியை, மடித்து வைத்த கவுன்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பாலும் பவுடரும் கலந்த இனிப்பு, குளித்துத் துடைத்த குழந்தையின் கழுத்து மடிப்பில் இருக்குமே, அந்த வாசனை. எங்கும் ஒரே அளவில் இருந்தது. மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பூசிக்கிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் பூசலைம்மா. பச்சைத் தண்ணியில முகம் கழுவிட்டு ஓடி வர்றேன்."

"வாய் கூசாம பொய் சொல்லாதீங்க."

மத்தியானத்துக்குள் அந்த அம்மாளை வேலையை விட்டு அனுப்பியாயிற்று. பதினோரு வருஷ வேலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. "நான் ஏழு மணிக்கே வந்துட்டேன்மா. நீங்க வர்ற வரைக்கும் உள்ள ஒரு வாசனையும் இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

என்ன திமிர் பாரேன் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை இரண்டு கருக்கள் நின்றுபோயிருந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், எட்டாகப் பிரிந்திருக்க வேண்டிய செல்கள் நாலோடு நின்று, கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. வாசனை முந்தின நாளைவிட அடர்த்தியாக, நாக்கில் ஒட்டுகிற அளவுக்கு இருந்தது. அப்போதுதான் அது என்ன வாசனை என்று ஞாபகம் வந்தது.

பத்தொன்பது வயதில், காலேஜ் ஃபீஸுக்காகப் பெரிய கடை ஒன்றில் அழகுச் சாமான் விற்கும் கவுன்ட்டரில் நாலு வருஷம் நின்றிருக்கிறாள். போகிற வருகிற பெண்களின் மணிக்கட்டில் லோஷன் தடவிக் காட்டுகிற வேலை. மிச்சம் விழுகிற பாட்டில்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அம்மா வேலைக்குப் போய்விட்ட வீட்டில், எட்டு வயதுத் தங்கையை சாயங்காலம் குளிப்பாட்டி, கை, முதுகு, வயிறு என்று உடம்பு முழுக்க அதைத்தான் தடவுவாள். "இன்னும் கொஞ்சம்க்கா" என்று அது வயிற்றைக் காட்டும். கவுன்ட்டர் வேலையை விட்ட பிறகும் இரண்டு பேரும் அந்த லோஷனை விடவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் தங்கையிடம் சொன்னார். "வாசனைக்காகவும் கெடாம இருக்கறதுக்காகவும் சேர்க்கிற சில ரசாயனம், உடம்புக்குள்ள போய் ஹார்மோன் மாதிரி வேஷம் போடும்மா. உங்களுக்கு இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எதுக்கும் நிறுத்திடுங்க."

"என்னை அதுல குளிப்பாட்டி வளர்த்ததே எங்கக்காதான் டாக்டர்!" என்று தங்கை சிரித்தாள். டாக்டரும் சிரித்தார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் விடாமல் வாரிக் குப்பையில் கொட்டினாள். அதற்குப் பிறகு வாசனையில்லாத சோப்பும் தண்ணீரும்தான்.

வியாழக்கிழமை ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக் குளியலறையில் தோல் சிவந்து எரிகிற வரைக்கும் தேய்த்துக் குளித்தாள். மணிக்கட்டை முகர்ந்தாள், ஒன்றுமில்லை. தலைமுடியை முகர்ந்தாள், அதிலும் இல்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். எதிரே இருந்த கண்ணாடியில் அந்த மூச்சு வட்டமாகப் படிந்தது.

வாசனை அங்கிருந்து வந்தது.

கிட்டப் போய் இன்னொரு தரம் ஊதினாள். இனிப்பு. பால். பவுடர்.

லேப்பில் அவளோடு வேலை செய்கிறவளுக்குப் போன் போட்டு, "நாளைக்கு எனக்குப் பதிலா வர்றியா?" என்று கேட்டாள்.

"எனக்கு நூத்தி மூணு காய்ச்சல் மேடம். அதுவும் சொந்தத் தங்கச்சி கேஸை விட்டுட்டு எங்க ஓடுறீங்க?"

என்ன காரணம் சொல்வது? என் மூச்சே விஷம் என்றா?

வெள்ளிக்கிழமை காலை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டாள். இன்குபேட்டரைத் திறந்து பார்த்தால், கடைசிக் கரு நன்றாக இருந்தது. நன்றாக என்றால் அவ்வளவு நன்றாக. நூறு செல்லுக்கு மேல் பிரிந்து, நடுவில் கொத்தாகச் சேர்ந்து, மினுமினுவென்று இருந்தது. கண்ணே, இன்னும் ரெண்டே நிமிஷம் பொறுத்துக்கோ என்று மனசுக்குள் கெஞ்சினாள். மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள்.

பக்கத்து அறையில் தங்கை படுத்திருந்தாள். அவள் தலைக்கு மேலே இருந்த பெரிய திரையில் அந்தக் கரு நிலாவளவு தெரிந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் சின்ன ஜன்னல் கதவு, அதில் டாக்டரின் நீட்டிய கை. கருவைக் குழாயில் ஏற்றுவதற்கு முன்னால், திறந்த தட்டின் மேல் வைத்தே தாயின் பெயரையும் எண்ணையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்காக வைத்த சட்டம். அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதே அவள்தான்.

"பேரு?" என்றார் டாக்டர்.

அவள் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சு முட்டியது.

"என்ன மேடம், தங்கச்சி பேரு மறந்துபோச்சா?" நர்ஸ் சிரித்தாள். தங்கையும் சிரித்தாள்.

காது அடைத்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

"பேரு சொல்லாம நான் வாங்க மாட்டேன். நீங்க போட்ட ரூல்தானே?"

கழுத்து திரும்புகிற மட்டும் திரும்பினாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள். பெயர் முடிந்தது. எண் முடிந்தது.

மூச்சு முடியவில்லை.

வந்துகொண்டே இருந்தது. நெஞ்சில் அவ்வளவு காற்று கிடையாது. வாயை மூடினாள். மூக்கால் வந்தது. இரண்டு மாஸ்க்கையும் கையால் அழுத்தினாள். விரல் இடுக்கில் வந்தது. வெதுவெதுப்பாக. இனிப்பாக.

திரையில் ஓரத்துச் செல் ஒன்று கறுத்தது.

அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதற்கும் பக்கத்தில்.

ஜன்னல் கதவு வழியாகத் தங்கையின் குரல் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக, ரொம்ப நாளாகக் கேட்காத சந்தோஷக் குரல்.

"அக்கா... அக்கா! குழந்தை வாசனை வருதுக்கா!"

படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கித் திரையைப் பார்த்து ஆட்டினாள். திரையில் அந்தக் கறுப்பு பரவி நடுக்கொத்தைத் தொட்டது. டாக்டரின் கை இன்னும் நீண்டிருந்தது. அக்காவின் மூச்சு இன்னும் வந்துகொண்டிருந்தது.