மியூவான் கடக்காத இடம்

ஓசூர் சிப்காட்டின் கோடியில் இருந்த தன் பட்டறை வாசலில், 2007ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று மதியம் மூன்று மணிக்குச் சின்னராஜ் காரிலிருந்து இறங்கினார். பூஜை காலையிலேயே முடிந்திருந்தது. தொழிலாளர்கள் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பில் ஈ மொய்த்தது.

உள்ளே சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாக நின்றது அந்தக் காந்தம். ஆள் உயரம், நான்கு டன். கடல் தாண்டி ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியது. அங்கே புரோட்டான்களைக் கரித்துண்டில் மோதவிட்டு மியூவான் என்னும் நுண்துகளைப் பிறப்பிப்பார்கள். கண் இமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குதான் அதற்கு ஆயுள். அதற்குள் சிதறாமல் குவித்துச் சோதனை மேடைக்குக் கொண்டு சேர்க்கத்தான் இந்தக் காந்தங்கள். போன வருடம் ஒன்று அனுப்பியாயிற்று. இது இரண்டாவது.

பக்கத்து மேசையில் பெங்களூர் விஞ்ஞானிகள் விட்டுப்போன எண்ணும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பலகைகள். வானத்திலிருந்தும் மியூவான் ஓயாமல் விழுகிறது. கூரையை, மனிதரை, தரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டிக்'. முழுநாள் கணக்கு வேண்டும் என்று கேட்டிருந்ததால் பூஜைக்கும் அதை நிறுத்தவில்லை.

"ஒரு மலைக்கு அடியில வெச்சாத்தான் சார் இது வாய மூடும்" என்று அவர்கள் சிரித்திருந்தார்கள்.

டிக். டிக் டிக். டிக்.

"அய்யா."

வாசலில் காவேரி நின்றாள். போன ஆயுத பூஜையன்று இதே பட்டறையில் செத்துப்போன தொழிலாளி சென்னப்பனின் மனைவி.

"வாம்மா. பொரி வாங்கிக்கிட்டியா?"

"பொரிக்கு வரலீங்க. லாவண்யாவுக்கு மத்தூர்ல ஒரு வரன் கூடி வந்துச்சு. நேத்து வேண்டாம்னுட்டாங்க. பூஜை நாள்ல குடிச்சிட்டு மெஷின ஓட்டிச் செத்தவன் மவள எங்க வீட்டுக்கு எடுக்க மாட்டோம்ங்கறாங்க." அவள் குரல் உயரவில்லை. "அவரு குடிச்சு நான் பாத்ததே இல்லீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அலுவலக அறைக் கதவருகே மகன் ஹரீஷ்குமார் வந்து நின்றான். தந்தையைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். வேண்டாம்.

சின்னராஜின் கை தானாக வேட்டி மடிப்பைத் தடவியது. காந்தச் சுருளின் செப்புக் குழாய்க்குள் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் குறைந்தால் மின்சாரத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் உண்டு. போன பூஜையன்று, முதல் காந்தத்தை ஓட்டிச் சோதித்தபோது, அது அடிக்கடி நிறுத்தியது. மறுநாள் லாரி ஏற்றியாக வேண்டும் என்று ஹரீஷ்குமார் அது வேலை செய்யாதபடி ஒரு துண்டு ஒயரால் நேராக இணைத்துவிட்டான். பூஜை நாளில் மெஷினைத் தொட மாட்டேன் என்ற சென்னப்பனைத் தொட வைத்தது சின்னராஜின் அதட்டல். சுருள் கொதித்தது. குழாய் வெடித்தது. வெந்து விழுந்தவனைத் தாண்டிப் போய் அந்த ஒயரைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டவரும் அவர்தான். குடித்துவிட்டுத் தானாக ஓட்டினான் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். மூன்று தலைமுறையாக யார் முன்னும் தலை குனியாத குடும்பம்.

"அன்னிக்கு அவன் குடிச்சிருந்தாம்மா" என்றார்.

கருவி நின்றது.

ஹரீஷ்குமார் ஓடிவந்து பார்த்தான். பச்சை விளக்கு எரிந்தது. இணைப்பு சரியாக இருந்தது. பலகைகளைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனான்.

டிக். டிக். டிக் டிக்.

திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

ஒன்றுமில்லை.

"அப்பா... இங்க என்னமோ மேல நிக்குது" என்று கிசுகிசுத்தான்.

கருகிய வார்னிஷ் வாசனை வந்தது. அதற்கு அடியில் வெந்த தோலின் வாசனை. மின்சாரமே கொடுக்காத காந்தத்தின் மாலையில் சாமந்தி ஒவ்வொன்றாகச் சுருண்டு கறுத்தது.

ஹரீஷ்குமார் பலகைகளை மார்போடு அணைத்தபடி தந்தை நின்ற பக்கமாக மெல்லப் பின்வாங்கினான். டிக் டிக் என்றது. இரண்டே அடி. மறுபடி அடங்கியது. இன்னும் இரண்டடி. டிக். அடங்கியது.

அது நகர்ந்துகொண்டிருந்தது.

சின்னராஜை நோக்கி.

காலடிச் சிமெண்டுத் தரை சுட்டது. முகத்தருகே ஈரமான வெப்பம், யாரோ மிக அருகில் நின்று மூச்சு விடுவதுபோல. அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அவர் முதுகு வளைந்தது.

"குடிக்கல." குரல் அவருடையதாகவே இல்லை. "அவன் குடிக்கல தாயி. ஓட்ட மாட்டேன்னான். நாந்தான் ஓட்டச் சொன்னேன். சுவிட்ச்ச கட்டுனது எம் பையன். மறைச்சது நான்."

"அப்பா!"

டிக். டிக் டிக். டிக்.

வாசனை போய்விட்டது. காவேரி அழவில்லை. காந்தத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு இது தெரியுமுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? மத்தூர் வந்து, அவங்க வாசல்ல நாலு பேரு முன்னால சொல்லுங்க."

நாலு பேர் முன்னால். சின்னராஜ் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"நாளைக்கு வர்றேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

அவர் வந்து காரின் முன் இருக்கையில் ஏறினார். "வீட்டுக்கு விடு" என்றார். டிரைவர் திம்மப்பன் வண்டியை எடுத்தான். கேட்டைத் தாண்டும் சின்ன மேட்டில் காரின் பின்பக்கம் தரையில் உரசிக் கிறீச்சிட்டது. அவன் கியரை மாற்றினான், அழுத்தினான். எஞ்சின் முக்கியது.

"அய்யா, டிக்கியில என்னங்க ஏத்துனீங்க?"

"ஒண்ணும் ஏத்தலையே."

"பின்னாடி அப்படியே அமுங்கிக் கெடக்குதுங்க. பத்து மூட்ட சிமெண்டு ஏத்துன மாதிரி."

சின்னராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பின் கழுத்தில் ஈரமான வெப்பம் பட்டது.

"மத்தூருக்கு விடு" என்றார். "வழியில அந்தப் பொண்ணையும் ஏத்திக்க."

பஸ் நிறுத்தத்தில் காவேரி பின்கதவைத் திறந்தாள். ஏறாமல் நின்றாள். பிறகு யாருக்கோ இடம் விடுவதுபோல ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.