பதினோரு சுழிகள்

நான் ஓய்வு பெற்ற சுருக்கெழுத்தாளன். என் வேகத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்வதாகக் காணோம். தும்மல் மூக்கைத் தாண்டுவதற்குள் எழுதிவிடுவேன். மேலாளர் கொட்டாவி விட்டால், எத்தனை பல் தெரிந்த கொட்டாவி என்பதுவரை என் ஏட்டில் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவன், போன மாதம் ஒரு காலைப்பொழுதில் மகளோடு பழைய நூற்பாலைக்குப் போனேன். இடிக்கப் போகிறார்கள். அதற்குள் நான் அங்கே எழுதிய பழைய கூட்டக் குறிப்பேட்டைப் பார்க்க அவள் அனுமதி வாங்கியிருந்தாள். என் கிறுக்கலை என்னைத் தவிர உலகில் எவராலும் படிக்க முடியாது.

அவள் அம்மா அங்கே லிஃப்ட் இயக்கினாள். கம்பி அறுந்து, அதிலேயே போனாள். ‘இயக்கியவரின் அஜாக்கிரதை’ என்று விசாரணையை மூடினார்கள். அப்போது மகளுக்கு ஆறு வயது.

“கம்பி சரியில்லன்னு அம்மா முன்னாடியே சொன்னாங்களா இல்லையாப்பா? அத மட்டும் படிங்க.”

“உங்கம்மா சொல்லாம விட்ட விஷயம் எது? என் ஒரு காது பாதி தேஞ்சதே அதாலதான்.”

மகள் சிரிக்கவில்லை.

மூன்றாம் மாடி. கூட்ட அறை மேஜைமேல் வெயில் கிடந்தது. வாசலுக்கு எதிரே லிஃப்ட்டின் கம்பிக் கதவு, சங்கிலி போட்டுப் பூட்டியபடி. உள்ளே வெறும் குழி. அங்கிருந்து கிரீஸ் வாடை வந்தது. என் மனைவியின் கையில் தினமும் வீட்டுக்கு வந்த அதே வாடை.

படித்தேன். மேலாளர் கூறினார். கணக்கர் கூறினார். பிறகு ஒரு சுழி.

“இது என்னப்பா?”

நான் கண்டுபிடித்த குறி அது. ஆண்கள் பேசினால் வார்த்தைக்கு வார்த்தை. பெண்கள் பேசினால் ஒரே சுழி. “யோவ் பேனா, அரைமணிப் பேச்ச ஒரு சுழியில அடக்கிட்டியே!” என்று மேலாளர் முதுகில் தட்டினார். அந்த முதுகைப் பத்து நாள் சோப்புப் போடாமல் காப்பாற்றினேன்.

“புலம்பல்,” என்று படித்தேன்.

வெளியே சங்கிலி அசைந்தது.

காற்றே இல்லை.

“கம்பியில ரெண்டு புரி அறுந்திருக்குங்க.”

குழிக்குள்ளிருந்து வந்தது. மகளின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

அடுத்த மாதக் கூட்டம். அடுத்த சுழி. நான் வாய் திறக்கவில்லை.

“இப்ப நாலுங்க. யாராவது வந்து பாருங்க.”

பக்கம் புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தது. ஆறு புரி. ஒன்பது. அந்தக் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதினோராவது சுழி. விபத்துக்கு முந்தைய நாள்.

“என்னங்க... நீங்களாவது எழுதுங்க.”

அன்று அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “ஏன்யா, உன் பொண்டாட்டிய வீட்டுலயே பேசி முடிச்சுட்டு வரச் சொல்லக் கூடாதா?” என்றார் மேலாளர். அறையே சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான். விசாரணையில், ‘ஏட்டில் ஒன்றுமில்லை’ என்று சொன்னவனும் நான்தான்.

எதையும் பத்து மடங்காக்கிச் சொல்வது என் வழக்கம். இது மட்டும் உள்ளபடி.

மகள் கையை எடுத்துக்கொண்டாள்.

“இருபது வருஷமா அம்மா மேல கோவமா இருந்தேன்ப்பா. எனக்காகவாவது கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமேன்னு.”

தனியாகப் படியிறங்கிப் போனாள். இன்றுவரை பேசவில்லை.

ஏடு இப்போது என் வீட்டு மேஜையில் இருக்கிறது. சுழிகளுக்குப் பக்கத்தில் என் மனைவி சொன்னதையெல்லாம் முழு எழுத்தில் எழுதிவிட்டேன். பதினொன்றையும்.

மறுநாள் காலை, அடுத்த பக்கத்தில் ஒரு சுழி இருந்தது. என் கைச்சுழி. மை காயவில்லை.

அதற்கு மறுநாள் இன்னொன்று.

ஆலையை இடித்து, குழியையும் மூடிவிட்டார்கள். தினமும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “என்ன சொல்ற? சொல்லும்மா, எழுதறேன்,” என்று கேட்கிறேன்.

பதில் வருவதில்லை. சுழி மட்டும் வருகிறது.