வண்டியை நிறுத்தவும்

சுவரில் பெயிண்ட் காய்வதற்குள் கார்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அத்தனையும் உறுமிக்கொண்டு…

அனுசியாவுக்கு உச்சந்தலை கொதித்தது. காலையில்தான் வீட்டுச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'தயவுசெய்து வண்டியை நிறுத்தவும்.'

எதிரே கல்யாண மண்டபம். முகூர்த்த நாளென்றால் தூத்துக்குடிக் கார்களில் பாதி இந்தச் சந்துக்குள்தான். டிரைவர்கள் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டே உறங்குவார்கள். கடல் காற்று ஓய்ந்துவிட்டால் அந்தப் புகைக்குப் போக்கிடம் ஏது? நேரே அனுசியா வீட்டு ஜன்னலுக்குள் வரும்.

போன கார்த்திகையிலும் வந்தது. அக்கா செல்வராணி மூச்சுக்குத் தவித்துத் தவித்து, முன்னறைக் கட்டிலிலேயே அடங்கிப்போனாள். இப்போது அதே கட்டிலில் அம்மா.

முதல் காரின் கண்ணாடியில் ஓங்கித் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து குளிர்… அதற்குப் பின்னால் தூக்கம் கலையாத இரண்டு கண்கள்.

ஒரு ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீளமான இமை? அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"வண்டிய நிறுத்துங்க!"

"நிறுத்தித்தான இருக்கேன்."

"நிறுத்துங்கன்னா… நிறுத்துங்க!"

"ஏங்க, நிறுத்தவும்னு நீங்கதான எழுதிப் போட்டிருக்கீய? அதுவும் தயவுசெய்து! யாரோ நல்ல மனசுக்காரங்க, இடம் குடுக்காங்கன்னு நெனச்சேன்."

அனுசியா திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அடக் கடவுளே… இதைப் பார்த்துத்தான் இத்தனை காரும் வந்து நிற்கிறதா?

"எஞ்சினத்தான் சொன்னேன்!"

"அப்ப எஞ்சின்னுல்லா எழுதியிருக்கணும்?"

"சிரிக்காதீய! உள்ள எங்கம்மா மூச்சு விட முடியாம கெடக்கா. போன வருசம் எங்கக்கா இதே புகையில செத்தா. ஒங்களுக்கு ஏசி கேக்கோ?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் சாவியைத் திருப்பினான். இறங்கிப் போய் அடுத்தடுத்த கார்களையும் தட்டினான். கடைசிக் காரிலிருந்த எஸ்றா, சாயர்புரத்துக்காரர், தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி சிவப்பிரகாஷு, நீ மண்டபத்து மொதலாளி மவன். ஒனக்கு உள்ள நாக்காலி உண்டு. நாங்க எங்கன போயி இருக்க? எங்களுக்குன்னு ஒரு ஃபேன் உண்டா? ஊரெல்லாம் தின்னு முடிச்சு, கடைசிப் பந்தியிலதான் டிரைவருக்கு எல. அதுவரைக்கும் வெயில்ல வேகவாய்யா?"

மண்டபத்து முதலாளி மகனா! அனுசியாவின் கண்ணில் நீர் திரண்டது. அழுகை இல்லை, ஆத்திரம்.

"அப்ப அய்யாக்குட்டி அண்ணாச்சி ஒங்க அப்பாவா? எங்கக்கா கருமாதிகூட முடியல. அதுக்குள்ள வந்து, 'மூச்சு முட்டுதுன்னா வீட்ட எனக்குக் குடுத்துருங்க, கார் நிறுத்த ஆவும்'னு எங்கம்மாகிட்ட சொன்ன மனுசனோட மவனா நீங்க?"

அவன் திரும்பி அந்தச் சுவர் எழுத்தைப் பார்த்தான்.

மறுநாள் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றான். 'எஞ்சினை அணைக்கவும்' என்று மாற்றி எழுதுவதாக ஏற்பாடு. 'நிறுத்தவும்' இருந்த இடத்தில் 'அணைக்கவும்' எழுதினான். 'வண்டியை' என்பதன் மேல் வெள்ளை அடித்தான். அவ்வளவுதான்… ஐப்பசி மழை சடசடவென்று இறங்கியது. இருவரும் ஜன்னல் மேற்கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். அவன் இமைகளில் துளித் துளியாய் மழை.

அனுசியா சுவரைப் படித்தாள்.

'தயவுசெய்து ……… அணைக்கவும்.'

காது மடல் சுட்டது. "வேற வார்த்தையே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"மழைதாங்க… நான் ஒண்ணும் பண்ணல!"

சிரித்துவிட்டாள். அக்கா போனபிறகு முதல் சிரிப்பு. உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

"சுவத்துல எழுதி என்னத்துக்கு? எஸ்றா அண்ணாச்சி கேட்டாங்களே, அதுக்கு என்ன வழி? டிரைவர்மார மண்டபத்துக்குள்ள உக்கார வைப்பீயளா? மொதப் பந்தியில எல போடுவீயளா? முடியாதுன்னா இனிமே இங்கன வராதீய."

அவன் வரவில்லை. தானே வர வேண்டாமென்று சொல்லி அனுப்பியவனுக்காக ஜன்னலோரம் நின்ற தன் கால்களை அவள் தினமும் திட்டினாள்.

தை பிறந்தது. சிவப்பிரகாஷின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சந்து முழுக்கக் கார். அனுசியா ஜன்னல்களைச் சாத்தி, அம்மாவுக்கு நெபுலைசரை மாட்டிவிட்டு, உறுமலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

உறுமல் வரவில்லை.

எட்டிப் பார்த்தாள். டிரைவர்கள் மண்டபத்து முன்வாசல் வழியாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அய்யாக்குட்டியின் குரல் தெருவரை வந்தது. எஞ்சின் சத்தம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஏலே! சம்மந்தக்காரங்க நிக்காங்க, டிரைவருக்கு மொதப் பந்தியா? நீயும் கூட உக்காந்துக்கிட்டு… மானத்த வாங்குதியே!"

"அவங்க வெளிய கெடந்தா எஞ்சின் ஓடும்ப்பா. எஞ்சின் ஓடுனா எதுத்த வீட்டுல மூச்சு நிக்கும்."

"அந்தப் பிள்ளைக்காகவா இவ்வளவும்?"

"ஆமா."

"அப்ப என் வாசல மிதிக்காத!"

"சரிப்பா. சாம்பார மட்டும் ஊத்தச் சொல்லுங்க… சாப்பிட்டுட்டுப் போறேன்."

பந்தி முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"ஏளா…" அம்மா நெபுலைசரைக் கழற்றினாள். "ஜன்னலத் தொறயேன்."

திறந்தாள். உப்புக் காற்று வந்தது.

மத்தியானம் அவன் அவள் வாசலில் நின்றான். கையில் ஒரே ஒரு பை.

"நெசமாவே வெளிய போகச் சொல்லிட்டாரா?"

"எஸ்றா அண்ணாச்சி வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்காம்…"

"ஒரு நாள் எல போட்டா ஆச்சா? அடுத்த முகூர்த்தத்துக்கு?"

"உக்கார இடம் குடுக்காத மண்டபத்துக்குச் சவாரி கெடையாதுன்னு டிரைவருங்க எல்லாரும் எங்கப்பா மொகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க. இனி அவர் குடுத்துத்தான் ஆகணும்."

அவள் எதிரே மண்டபத்தைப் பார்த்தாள். ஒரு நாற்காலி, ஒரு இலை. இவ்வளவுதானா? இதை ஒரு வருடம் முன்னால் கொடுத்திருந்தால் அக்கா இருந்திருப்பாளே…

"நல்லாக் கேட்டுக்கோங்க!" குரல் உடைந்தது. "எங்கக்காவ நான் மறக்க மாட்டேன். ஒங்கப்பாவ மன்னிக்க மாட்டேன். ஒங்களக் கட்டிக்கிட்டாலும் மன்னிக்க மாட்டேன்!"

"மன்னிக்க வேண்டாங்க…" என்றவனின் கண்கள் மெல்ல விரிந்தன. "இப்ப… என்ன சொன்னீய?"

"மன்னிக்க மாட்டேன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால?"

"அதையும்தான் சொன்னேன்" என்றாள் அனுசியா, கோபம் கொஞ்சமும் குறையாமல்.