நான்கு தப்படி பின்னால்

வாசலில் வந்து நின்று கால் மணி நேரம் ஆகியும் கழுதையின் விளக்கு அணையவில்லை.

கழுதை என்றால் நிஜக் கழுதை இல்லை. நான்கு சக்கரமும் ஒரு கூடையும் வைத்த பேட்டரி ரோபோ. மிளகு மூட்டை சுமக்க மைதிலியின் அப்பா அர்த்தனாரி ஆறு மாதத்துக்கு முன் சோளக்காடு சந்தையில் வாடகைக்கு எடுத்தது. இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு அவர் நடந்தால், சரியாக நான்கு தப்படி பின்னால் அதுவும் வரும். அவர் நின்றால் நிற்கும். வீட்டுக்குள் வந்து, காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் அவர் பட்டையை மாட்டியதும் விளக்கை அணைத்துக்கொண்டு தூங்கிவிடும். "பட்டை இல்லாம ஒரு அங்குலம் நகராதுங்க" என்று வண்டியை ஒப்படைத்த ஓம்பிரகாஷ் அன்றைக்கு நாலு பேர் முன்னால் சொன்னான்.

ஆணி வெறுமையாக இருந்தது.

அப்பா புறவாசலில் கால் கழுவுகிறார் என்றுதான் மைதிலி முதலில் நினைத்தாள். அம்மா கண்ணாயி, அக்காவின் பிரசவத்துக்காக நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு நாளாக வீட்டில் அப்பாவும் மகளும்தான். அடுப்பில் வெந்நீர் கொதித்துக் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. தை மாதப் பனி தோட்டத்திலிருந்து வழிந்து இறங்கி, காயப்போட்ட காப்பிக்கொட்டையின் புளித்த வாசனையையும் ஈர மண்ணின் வாசனையையும் ஜன்னலுக்குள் தள்ளி, கழுதையின் வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் புகைபோல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

புறவாசலுக்குப் போய்ப் பார்த்தாள். துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. மக் காய்ந்து கிடந்தது.

"அப்பா?"

பனி அவள் குரலை வாங்கி வைத்துக்கொண்டது.

அப்பாவின் நம்பருக்கு அடித்தாள். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். காலண்டருக்கு அடியில், அந்த ஆணியை ஒட்டி. அங்கே நின்று அடித்தாள். ரிங் போனது. வெளியே, கழுதையின் கூடைக்குள், போன் பாடியது.

கதவைத் திறந்தாள். கூடையில் அரை மூட்டை பச்சை மிளகு. அதன்மேல், மரம் ஏறும்போது அவர் கழற்றி வைக்கிற சட்டை. சட்டைப் பைக்குள் போன் மினுங்கியது. கழுதை வாசற்படியிலிருந்து நான்கு தப்படி தள்ளி நின்றது. அதற்கும் படிக்கும் நடுவில் வெளிச்சம் மட்டும் கொட்டிக் கிடந்தது. யாருக்காகவோ நிற்பது மாதிரி நின்றது.

யாருக்காக?

முன்கதவையும் பின்கதவையும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, காலண்டருக்கு அடியில் வந்து நின்று, எதிர் மேட்டு வீட்டுக் கவிதாவுக்கு அடித்தாள். சேர்ந்து ப்ளஸ் ஒன் படிக்கிறவள்.

"என்னடி, இந்நேரத்துக்கு? கணக்கு நோட்டுன்னா நானும் எழுதல, ஆள உடு."

"கவி, எங்கப்பா இன்னும் வரல."

"உங்க ஊட்டு வெளக்கு இங்க வரைக்கும் தெரியுதே. கழுதை வந்துருச்சுல்ல?"

"கழுதை மட்டும் வந்துருக்குது."

கவிதா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். "அது எப்புடிடி தனியா வரும்?"

சாயங்காலத்திலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை மைதிலி சொன்னாள்.

"ஒண்ணு சொல்றேன். திட்டாத. பொழுது போற நேரத்துல கூவுற சத்தம் கேட்டுச்சு. மூணு தடவ."

மலையில் அது எல்லோருக்கும் தெரிந்த முறை. இருட்டும்போது தோட்டத்திலிருந்து இறங்குகிறவர் மேட்டில் நின்று 'ஊ' என்று நீளமாகக் கூவுவார். வீட்டிலிருப்பவர் பதிலுக்குக் கூவவேண்டும். மூன்று கூவல் தொடர்ந்து கேட்டால் ஆபத்து. கேட்டவர் யாராக இருந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஓடவேண்டும். கழுதை வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் கூவுவதில்லை. சரிவில் விளக்கு இறங்குவது தெரிந்தால் போதும், அம்மா உலை வைத்துவிடுவாள். அப்பாவுடன் தோட்டத்துக்குப் போகவும் ஆள் தேவைப்படவில்லை. முன்பெல்லாம் கவிதாவின் அப்பா குப்புசாமி கூடப் போவார். இவர் மிளகு பறிக்க, அவர் ஏணி பிடிப்பார், இருவரும் மூட்டை சுமப்பார்கள். வண்டி வந்த அன்று அவர் கேட்டார், "ஏ மச்சான், உன்ற கழுதைக்கு ஏணி புடிக்கத் தெரியுமா?" அப்பா விடவில்லை. "தெரியாட்டிப் போவுது. உன்னாட்டம் மணிக்கொருக்கா டீ கேக்காதுல்ல."

"நீ பதில் கூவுனியா இல்லியா?" என்றாள் கவிதா.

"நான் போன் பாத்துட்டு இருந்தேன். நிமிர்ந்தா காப்பிச் செடிக்கு நடுவுல வெளக்கு இறங்கிட்டு இருந்துச்சு. வந்துட்டாருன்னு உட்டுட்டேன். ஆனா கவி..." அவள் குரல் உடைந்தது. "சத்தம் வெளக்குகிட்ட இருந்து வரல. அதுக்கும் மேல இருந்து வந்துச்சு. அது எனக்கு அப்பவே தெரிஞ்சுது."

கவிதா எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கப்பாவ நேரா தோட்டத்துக்கு அனுப்பறேன். கதவத் தெறக்காத. போன் எடுக்குற எடத்துலயே நில்லு."

நின்றாள்.

அரை மணி நேரம் ஓட்டின்மேல் பனி சொட்டியது. அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. அப்புறம், சரளைக் கல் மெதுவாக நசுங்கும் சத்தம். ஜன்னலில் இருந்த வெளிச்சம் நகர்ந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், மறைந்தது. கழுதை நடக்கிறது. வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி, அவசரம் இல்லாமல், வயசான மனுசனுக்குப் பின்னால் போகிற மாதிரி. புறவாசலில் நின்றது. பின்கதவின் கீழ்ச் சந்தில் வெள்ளைக் கோடு விழுந்தது.

ஒருவர் இரண்டு காலையும் தேய்த்துக் கழுவ எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் நின்றது.

தண்ணீர்ச் சத்தம் இல்லை.

மறுபடி சரளை. மறுபடி முன்வாசல். நின்றது.

போன் அதிர்ந்தது. குப்புசாமி.

"கண்ணு... பக்கத்துல யாரு சாமி இருக்கா?"

"யாருமில்லீங்க மாமா. அப்பா?"

"நான் வாரேன். நீ ஊட்டுக்குள்ளயே இரு."

"அப்பா எங்கீங்க மாமா?"

அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. "ஏணி சரிஞ்சுருச்சு சாமி. மரத்தடியில கெடக்காரு. ஒடம்பு... சில்லுன்னு போயிருச்சு கண்ணு. ஒரு ஆளு ஏணியப் புடிச்சிருந்தா..." அவர் அழுதார்.

மைதிலிக்கு அழுகை வரவில்லை. கண் ஆணிமேல் இருந்தது.

"மாமா. இடுப்புல பட்டை இருக்குதுங்களா?"

"என்னது?"

"பட்டைங்க மாமா. கழுதையோட பட்டை."

துணி சரசரத்தது. "இருக்குது. கட்டுன கட்டு அப்படியே இருக்குது. ஏங் கண்ணு?"

அப்போது வெளியே யாரோ கூவினார்கள்.

உரக்க இல்லை. கதவுக்கு மிக அருகில். நாள் முழுக்க மரம் ஏறிக் களைத்த குரல். முடிவில் லேசாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்பை அவள் பிறந்ததிலிருந்து கேட்கிறாள்.

"ஆரு கண்ணு அங்க கூவுறது?" என்றார் குப்புசாமி.

இரண்டாவது கூவல்.

வாயைப் பொத்திக்கொண்டாள். போன் கீழே விழுந்தது. சிவப்புத் தரையில் மாமாவின் குரல் சின்னதாக, எறும்பு மாதிரி ஊர்ந்தது. "கண்ணு... கண்ணு... பதில் சொல்லாத..."

மூன்றாவது.

சாயங்காலம் கொடுக்காத பதில். அது அவளைக் கேட்கவில்லை. விரல் சந்து வழியாகத் தானே வெளியே வந்தது.

"ஊ..."

வெளியே சக்கரம் உருண்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

டொக். கழுதையின் மூக்கு கதவில் முட்டி நின்றது.

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

கதவிலிருந்து காலண்டர் வரை நான்கு தப்படி.

அவள் திரும்பவில்லை. கழுத்தோரம் பச்சை மிளகு வாசனை. பனி மாதிரி ஒரு மூச்சு. காதுக்குப் பக்கத்தில், ஆணி மெல்லக் கிறீச்சிட்டது, ஏதோ கனம் தொங்கியதுபோல.

வெளியே கழுதையின் விளக்கு அணைந்தது.