ஏழாவது குழாய்

காற்று நின்ற பிறகும் ஏழாவது குழாய் மட்டும் ஓயவில்லை.

பங்காரு பூங்கா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பகலெல்லாம் புழுதி வாரி இறைத்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்குச் சட்டென்று அடங்கியிருந்தது; வேப்பிலை ஒன்றுகூட ஆடவில்லை. மூடிப்போன மில்லின் பாய்லர் குழாய்கள் பன்னிரண்டை, காற்று புகுந்தால் ஊதும்படி துளையிட்டு, மில் இருந்த இந்த இடத்திலேயே என்றைக்கும் நிற்கும்படி சிமெண்டில் நட்டுவிட்டுப் போயிருந்தார் பெங்களூர்ச் சிற்பி ஒருவர். அந்த பாய்லருக்கு ஃபோர்மேனாக இருந்தவர் என்று திறப்பு விழாவில் பங்காருவுக்கும் மாலை போட்டார்கள். இப்போது பதினொரு குழாய்கள் ஊமையாக நின்றன. ஏழாவதற்குள் யாரோ இரும்பைத் தட்டினார்கள்.

டக். டக். டக்.

ஈரத் துருவும் நீராவியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

"ஏனுங்க அண்ணா, ஒடம்புக்கு ஆகலீங்களா? இப்பிடி வேர்த்துக் கொட்டுது." பூங்காவைக் கூட்டிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் அருகே வந்தாள்.

"அந்தச் சத்தம் கேக்குதா, அம்மணி?"

"காத்தே இல்லீங்களே. எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க."

எண்பத்தேழில் மில் விசாரணையில் பங்காரு சொன்னதும் அதேதான். அவள் புருஷன் சின்னான் அன்று இதே பாய்லருக்குள் துரு சுரண்டிக்கொண்டிருந்தான். பங்காரு மறதியில் பக்கத்து பாய்லரின் நீராவியை அதற்குள் திறந்துவிட்டார். அவன் உள்ளேயே வெந்து செத்தான். சொல்லாமல் உள்ளே போய்விட்டான், சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிற்பாடு தெய்வாத்தாளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அந்த நன்றியில் அவள் தினமும் கும்பிடுவாள். ஒவ்வொரு கும்பிடும் அவருக்குச் சூடு வைத்தது.

டக். டக். டக். இப்போது வேகமாக.

அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கேட்டுச்சு, தெய்வாத்தா. அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு. உள்ள இருந்து தட்டினான். வால்வை மூடறதுக்குக் கை வரல. பயந்து ஓடிப்போட்டேன்."

தெய்வாத்தாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஏழாவது குழாயிடம் போய், விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள்.

சத்தம் நின்றது.

பிறகு, உள்ளேயிருந்து மெல்ல ஒரு தட்டு.

"இருக்காருங்க" என்றாள். முகம் மலர்ந்தது. குழாயை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு கன்னத்தை அதில் வைத்தாள்.

துளைகளில் வெள்ளையாக ஆவி கசிந்தது. அவள் சேலை நனைந்தது.

"விட்டுரு அம்மணி! கொதிக்குது!"

ஓடிப்போய் அவளை இழுக்க, அவள் தோளுக்கு மேலே குழாயில் கையை ஊன்றினார். உள்ளங்கை பொத்துப்போயிற்று. அலறிக்கொண்டு கையை எடுத்தார். பின்னால் நகர்ந்தார். இன்னும் ஓரடி. இன்னும்.

தோல் கருகும் நாற்றம்.

அவள் திரும்பவில்லை. இரும்போடு ஒட்டிப்போன கன்னத்துடன், பாதி வாயால், குழாய்க்குள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரியவளைக் காங்கேயத்துல கட்டிக்கொடுத்துட்டனுங்க... அவ மக பத்தாவது படிக்கறா... உங்க சாயலுங்க..."

ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளேயிருந்து ஒரு தட்டு.