கழுவிய கை

தட்டில் விரல்கள் கூடுதலாக இருந்தன.

மெடலுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பயப்படுவதெல்லாம் மற்றவர்களின் வேலை என்று நினைக்கிறவள் அவள். மருத்துவமனை ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர்களில் எழுத்துத் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். மூச்சுக்கு மூச்சு அதைச் சொல்லிக்காட்டியதில், மற்றவர்கள் அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். பாராட்டி வைத்த பெயரல்ல என்பது அவளுக்குத் தெரியும். பொறாமை பிடித்த கூட்டம் வேறு எப்படிப் பெயர் வைக்கும் என்று அதையும் ஒரு பரிசு போல வாங்கிக்கொண்டாள்.

நுண்ணுயிரியல் பிரிவில் முதல் பாடம் கை கழுவுவது. கண்ணாடிக் கூழ் மாதிரி உறைந்த அகார் ஊற்றிய பெரிய தட்டுகள், ஆளுக்கு இரண்டு. கழுவாத கையை ஒன்றில் அழுத்த வேண்டும், கழுவிய கையை மற்றதில். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் அவற்றை வைத்துவிட்டுப் போனால், மறுநாள் கையில் ஒட்டியிருந்த கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்து, கை வடிவத்திலேயே பூத்து நிற்கும். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று அவள் உதட்டைப் பிதுக்கியிருந்தாள்.

இப்போது கழுவாத கையின் தட்டில் அவளுடைய ஐந்து விரல்களும் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தன. இடுக்குக்கு ஒன்றாக இன்னும் நான்கு இருந்தன. ஒல்லியானவை. அவள் விரல்களைவிட நீளமானவை. இரண்டு பேர் விரல் கோத்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ, அப்படி. கழுவிய கையின் தட்டில் அவளுடையது ஒரு புள்ளிகூட இல்லை. அவள் அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருந்தாள். அந்த நான்கு மட்டும் அடர்த்தியாக, சாம்பல் நிறத்தில், அசையாமல் கிடந்தன.

ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன், எல்லாருக்கும் வெறும் சார், தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையை நகர்த்தி இரண்டு தடவை அழுத்தியிருப்பாள் என்றார். பின்னால் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அதோடு ஒரு தும்மல்.

தும்மியது அவளுடைய ஜோடி, அவளுக்குப் பெயரே தும்மல். தூசி பட்டாலும் தும்முவாள், வெயில் பட்டாலும் தும்முவாள், யாராவது குரலை உயர்த்தினாலும் தும்முவாள். கிருமி வளர்க்கிற அறைக்கு இப்படி ஒருத்தியை அனுப்பிய கல்லூரியையும், அவளைத் தனக்கு ஜோடியாகப் போட்ட சாரையும் மெடல் ஒரே தராசில் வைத்திருந்தாள். தட்டுகளை இன்குபேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனது தும்மல்தான். பிறகென்ன, கணக்குச் சரியாகிவிட்டது. மூளை இல்லாதவர்களுக்குக் குறும்பாவது இருக்கத்தானே வேண்டும்.

அன்று அவள் யாருக்கும் தெரியாமல் இன்னொரு தட்டு எடுத்தாள். வலது கையை இரண்டு முறை சோப்புப் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு அழுத்தினாள். என்ன தோன்றியதோ, புறங்கைக்கும் ஒரு தட்டு. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்துப் போட்டு, தானே உள்ளே வைத்தாள்.

மறுநாள் டேப் பிரியாமல் இருந்தது. உள்ளங்கைத் தட்டில் அதே நான்கு. புறங்கைத் தட்டில் அவற்றின் நுனிகள், விரல் முட்டிகளைத் தாண்டி மடங்கி, இறுகப் பிடித்தபடி. நுனி ஒவ்வொன்றும் முட்டை ஓடு போல வழவழப்பாக இருந்தது. ரேகை இல்லை.

அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை விரித்தாள், மடக்கினாள். ஒன்றும் இல்லை. ஒரு பாரம், ஒரு சில்லிப்பு, ஒரு கூச்சம், எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வளர்ச்சியைக் கம்பி வளையத்தால் துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எந்தக் கிருமியானாலும் ஊதாவாகவோ சிவப்பாகவோ தெரிந்தாக வேண்டும். லென்ஸுக்கு அடியில் வெறும் வெளிச்சம். இன்னொரு துண்டு. அதிலும் வெளிச்சம். கண்ணுக்கு எதிரே மலை மாதிரி வளர்ந்து கிடப்பது, கிட்டப் போய்ப் பார்த்தால் இல்லை. தட்டை மூடப் போனபோதுதான் வாசனை அடித்தது. கிருமிகளின் புளித்த வாசனைகள் அவளுக்குப் பழக்கம். இது அப்படியல்ல. நெடுநாள் பூட்டியிருந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அந்த வாசனை.

அவள் சாரிடம் போய், தும்மல் தன் தட்டுகளில் விளையாடுகிறாள் என்று புகார் சொன்னாள். டேப் பிரியாமல் இருந்ததைச் சொல்லவில்லை. சார் பெரிதாக விசாரிக்கிற ஆள் இல்லை. தும்மலின் நுண்ணுயிரியல் பயிற்சியை அத்தோடு நிறுத்தி, ரத்தம் எடுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார். இனி அவள் அடுத்த வருஷம் திரும்ப வந்துதான் இதை முடிக்க வேண்டும். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே தும்மல் மெதுவாகச் சொன்னாள்.

"உன் தட்ட நான் தொடவே இல்ல. அது உள்ள போன நாள்லேருந்து அந்தக் கதவத் தொறக்கவே எனக்குப் பிடிக்கல."

தும்மாமல் இரண்டு வாக்கியம் பேசிவிட்டாளே என்று மெடல் நினைத்தாள்.

தும்மல் போன பிறகும் தட்டுகள் மாறவில்லை. மாறவில்லை என்பதும் சரியில்லை. உள்ளங்கை ஒரு நாள் சுத்தமாக வந்தது. அவள் கர்வத்தோடு மூச்சு விட்டாள். பிறகு, சும்மா ஒரு உறுதிக்காக, மணிக்கட்டைச் சுற்றி ஒரு தட்டை உருட்டி ஒற்றி எடுத்தாள். மேசை, கட்டில் கம்பிகளில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, அகார் மேடாகத் தெரியும்படி ஊற்றிய சின்னத் தட்டுகள் ஆய்வகத்தில் அடுக்கடுக்காக இருந்தன. மறுநாள் அந்தத் தட்டில் சாம்பல் நிறத்தில் வளையல் போல நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் இருந்தன.

அதற்கடுத்த நாள் முழங்கை. அதற்கடுத்து முழங்கைக்கு மேலே. ஏறிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுகிற ஆள் மாதிரி.

அவள் கை கழுவிக்கொண்டே இருந்தாள். தோல் சிவந்து, வெடித்து, ஸ்பிரிட் பட்டால் உயிர் போனது. அக்கா வீட்டில் தங்கித்தான் பயிற்சிக்குப் போய்வந்தாள். ஒரு நாள் சாயங்காலம் அக்கா அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று கைக்குழந்தையை நீட்டியபோது, மெடல் சுவரோடு ஒட்டிப் பின்வாங்கினாள். அக்கா நீட்டிய குழந்தையைத் திரும்பத் தோளில் சாத்திக்கொண்டாள்.

"ஏன், எங்க புள்ள அழுக்கா இருக்கானா? படிச்ச கை தொட்டா தேஞ்சிடுமா?"

மெடல் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அக்காவை, அத்தானை, இந்த இரண்டறை வீட்டை, துணி காயப்போட்ட கொடியை, எல்லாவற்றையும் வந்த நாளிலிருந்து முகம் சுளித்தே பார்த்திருக்கிறாள். இப்போது அவள் பயத்தில் சுளிக்கும் முகமும் அவர்களுக்கு அதே முகமாகத்தான் தெரிந்தது. என்னை எதுவோ பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது. யாரிடம் சொல்வது. அத்தான் உள்ளேயிருந்து, விடுடி, மேடத்துக்குக் கை வலிக்கும் என்றார்.

சாரிடம் சொல்லிப் பார்த்தாள். தட்டுகளை வரிசையாக மேசையில் அடுக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் எடுத்த தட்டில் விரல்கள் இன்னும் தெளிவாக, இன்னும் தடிமனாக இருந்தன. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எல்லாருக்கும் சுத்தமா வருது, உனக்கு மட்டும் வருதுன்னா, ஒழுங்கா கழுவலன்னு அர்த்தம். மெடல் வாங்கினா கை கழுவக் கூடாதுன்னு எதாவது சட்டம் இருக்காம்மா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அவள் அவர்கள் இடத்தில் இருந்தாலும் சிரித்திருப்பாள். அந்த நினைப்போடு தட்டுகளை ஒவ்வொன்றாக மூடி எடுத்துக்கொண்டாள்.

ஆக, கடைசியில் அவள் போய் நின்ற இடம் ரத்தம் எடுக்கும் பகுதி. தும்மல் ஒரு கிழவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். மெடல் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவும் இல்லை. தோளும் முதுகும் பிடரியும் தனக்கு எட்டவில்லை, தட்டை ஒற்றி எடுக்க ஒரு ஆள் வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் வந்தால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். தும்மல் அவளுடைய வெடித்த கையைப் பார்த்தாள். சரி என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறாளே, இவளுக்கு ரோஷமே கிடையாதா என்று மெடலுக்கு அப்போதும் இளக்காரமாகத்தான் இருந்தது.

அகார் காய்ச்சும் அறைக்கு ஜன்னல் இல்லை. மூலையில் பழைய தட்டுகளை வேகவைக்கும் நீராவிக் கலம் உஸ் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வெந்த கிருமியின் நாற்றமும் சூடான ரப்பரின் நாற்றமும் ஈரமாக முகத்தில் படிந்தன. கூரையில் இருந்த ஒற்றைக் குழல்விளக்கு தேனீ மாதிரி ரீங்கரித்தது. மெடல் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, சட்டைக் கழுத்தை இறக்கி, கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி உச்சந்தலையில் பிடித்துக்கொண்டாள். பின்னால் தும்மல் தட்டின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. தோளில் அகார் குளிர்ந்து ஒட்டியது. எடுத்தாள். பிடரியில் ஒன்று. எடுத்தாள்.

விளக்கு அணைந்தது.

மருத்துவமனையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நீராவிக் கலம் மட்டும் இருட்டில் மூச்சு விட்டது. அந்தப் பூட்டிய வீட்டின் வாசனை வந்தது. மெல்ல, தரையோடு, பிறகு முகம் வரைக்கும்.

"கைய விடு," என்றாள் தும்மல்.

மெடல் இருட்டில் தலையை மட்டும் திருப்பினாள்.

"வலிக்குது. கைய விடு."

"எந்தக் கைய?"

"என் கைய பிடிச்சிருக்கியே. அத."

மெடலின் இரண்டு கைகளும் அவளுடைய கூந்தலில் இருந்தன. அவள் விரல்களை அசைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு. இரண்டும் அங்கேதான் இருந்தன.

விளக்கு வந்தது. தும்மல் அவளுடைய உயர்த்திய கைகளையே பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள். கதவு வரைக்கும் பின்புறமாகவே நடந்தாள். தும்மவில்லை. கூப்பிட்டதற்கு நிற்கவும் இல்லை. வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் ஓட்டமாக மாறியது.

மெடல் தனியாக மிச்சத்தை முடித்தாள். வேறு என்ன செய்வது. தாடை. கன்னம். மிச்சமிருந்த ஒரு தட்டை, எச்சரிக்கைக்காக, லேசாக வாயைத் திறந்து உதடுகளில் ஒற்றி எடுத்தாள். எல்லாவற்றையும் இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில் அவள்தான் முதலில் வந்தாள். தும்மல் வரவில்லை, காய்ச்சலாம், வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று வாசலில் காவலாளி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மெடல் இன்குபேட்டரைத் திறந்தாள். இதமான சூடு முகத்தில் அடித்தது. வாசனை இல்லை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

தோள், சுத்தம். பிடரி, சுத்தம். தாடை, சுத்தம். கன்னம், சுத்தம்.

போய்விட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நேற்று இருட்டில் அது தும்மலின் கையைப் பிடித்திருக்கிறது. தும்மலோடு போய்விட்டது. போகட்டும். அவள் கை யாருக்கு என்ன பயன். ஒரு நரம்பைக்கூட ஒழுங்காகத் தேடத் தெரியாத கை. யாருக்காவது போக வேண்டும் என்றால் அவளுக்குப் போவதுதான் நியாயம். மெடல் இத்தனை நாளுக்குப் பிறகு தன் வெடித்த கையைத் தானே வருடிக்கொண்டாள்.

கடைசித் தட்டு மிச்சம் இருந்தது.

அதில் அவளுடைய உதடுகள் இரண்டும் வெள்ளைப் புள்ளிகளாகப் பதிந்திருந்தன. மேலுதடு முழுதாக இருந்தது. கீழுதட்டின் மேல் சாம்பல் நிறத்தில் நான்கு விரல்நுனிகள். ரேகை இல்லாதவை. கிணற்றுக்குள் இருப்பவன் விளிம்பைப் பற்றியிருப்பது போல, அவை உள்ளேயிருந்து வெளியே வளைந்திருந்தன.

தட்டு கையிலிருந்து நழுவியது. உடைந்த சத்தம் தூரத்தில் கேட்டது.

அவள் வாயை மூடினாள்.

பற்கள் சேரவில்லை.